கைதட்டல் விழுந்த இடம்: பல பாக ராக் பாடல்களை ஒப்பிட்டுக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சில் 1982இல் தொடங்கிய ஜூன் 21 இசை நாளைப் புதுச்சேரியிலும் கொண்டாடுவார்கள். போன வருடம் அதையொட்டி ஒரு சின்ன மேடையில் என் அக்கா மகனின் பேண்ட் வாசித்தது. அவர்களே எழுதிய பாட்டு. ஏழு நிமிடம், மூன்று பாகம். முதல் பாகம் முடிந்ததும் பையன் கால் பெடலை மாற்ற இரண்டு விநாடி எடுத்துக்கொண்டான். கூட்டம் கைதட்டிவிட்டது. ஒருவர் எழுந்து டீ குடிக்கவே போய்விட்டார். இரண்டாம் பாகம் ஆரம்பித்தபோது அது அடுத்த பாட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கி வந்தவன், "மாமா, இவங்களுக்கு ராக் கேட்கவே தெரியல" என்றான்.

"டேய், சட்டையில தையல் பிரிஞ்சா போட்டவன் மேலயா குத்தம் சொல்லுவ?" என்றேன். கடலூர் பஸ் ஏறி மஞ்சக்குப்பம் வந்து சேரும்வரை அவன் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானாகவே நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். அதற்குப் பிறகு ஏழெட்டு ஞாயிறு என் வீட்டுத் திண்ணையிலும் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் உட்கார்ந்து நாங்கள் செய்த வேலையைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். கிடார் தெரியாதவர்களும் செய்யலாம். எனக்கே தெரியாது.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்

பல பாகப் பாடல் என்றதும் எல்லோரும் பாகங்களுக்குப் பெயர் வைக்க ஆரம்பிக்கிறார்கள். இது பாலட் (மெதுவான பாட்டு), இது ஓபரா (மேற்கத்திய இசை நாடகப் பாணி), இது ஹார்ட் ராக் (அதிரடி ராக்). தப்பில்லை, ஆனால் அது பஸ் ஸ்டாப் பெயரை ஒப்பிப்பது மாதிரி. ஒரு பாடலும் இன்னொன்றும் எங்கே வேறுபடுகின்றன என்பது அதில் தெரியாது. நான் பார்ப்பது ஒட்டு. ஒரு பாகம் முடிந்து அடுத்தது பிடிக்கும் அந்த நாலைந்து விநாடியில் என்ன நிற்கிறது, என்ன தொடர்கிறது?

கடலூரிலிருந்து புதுச்சேரி போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முள்ளோடையில் மாநிலமே மாறுகிறது. சாலை மாறுவதில்லை, பஸ் நிற்பதில்லை, கடைப் போர்டுகளைப் பார்த்துத்தான் எல்லை தாண்டியது தெரியும். சில பாடல்கள் அப்படித் தாண்டும். வேறு சில பாடல்களில் விழுப்புரத்தில் இறங்கிப் பிளாட்பாரம் மாறி வேறு ரயில் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டுமே நல்ல பயணமாக இருக்கலாம். எது எந்த வகை என்று சொல்லத் தெரிந்தால் ஒப்பீடு பாதி முடிந்த மாதிரி.

படி 1: பாடல்களைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு போதும். இருபது நிமிடம் ஓடும் பிராக்ரசிவ் ராக் பாடல்களில் ஆரம்பிக்காதீர்கள், மூன்றாவது நாளே நோட்டை மூடிவிடுவீர்கள். நாங்கள் எடுத்தவை இவை: பீட்டில்ஸின் 'ஹாப்பினஸ் இஸ் எ வார்ம் கன்' (1968, 2 நிமிடம் 43 விநாடி), லெட் ஸெப்பலினின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' (1971, 8:02), குவீனின் 'பொஹீமியன் ராப்சடி' (1975, 5:55), ரேடியோஹெட்டின் 'பாரனாய்ட் ஆண்ட்ராய்டு' (1997, சுமார் 6:23). பீட்டில்ஸ் பாட்டைச் சேர்த்ததற்குக் காரணம் அதன் நீளம்தான். பல பாகம் என்றால் நீளமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது முதலிலேயே உடைத்துவிடும்.

ஆல்பத்தில் வந்த பதிவையே எடுங்கள். ரேடியோவுக்காக வெட்டியது, மேடையில் வாசித்தது எல்லாம் இப்போது வேண்டாம். நான் முதல் வாரம் முழுக்க ஒரு மேடைப் பதிவைக் கேட்டுக் கணக்கெழுதிவிட்டு, பிறகு மொத்தப் பக்கத்தையும் கிழித்தேன். இன்னொன்று, இயர்போனின் இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்தப் பாட்டுகள் வந்த காலத்துப் பதிவுகளில் ஒரு குரல் இடது காதிலும் அதற்குப் பதில் சொல்லும் குரல் வலது காதிலும் வரலாம். ஒரு பக்கம் செத்துப்போன இயர்போனில் பாதி உரையாடல் காணாமல் போகும்.

படி 2: கட்டம் போட்ட நோட்டில் வரையுங்கள்

பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு நோட்டு போதும். ஒரு கட்டம் பத்து விநாடி. முதல் தடவை பென்சிலைத் தொடாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை, ஏதோ மாறிவிட்டது என்று உடம்புக்குத் தோன்றும் இடத்தில் மட்டும் நேரத்தைக் குறியுங்கள். ஏன் என்று யோசிக்க வேண்டாம். மூன்றாம் தடவை அந்தக் கோடுகளைச் சரிபாருங்கள்.

ராப்சடி 36 கட்டம். வாத்தியம் அதிகமில்லாமல் குரல் அடுக்குகளோடு வரும் தொடக்கம் 5 கட்டம். பியானோவோடு பாடும் பகுதி 11. கிடார் ஸோலோ இரண்டரை. ஓபரா 6 கட்டத்துக்குக் கொஞ்சம் மேல். ஹார்ட் ராக் 5. கடைசியில் அடங்கும் பகுதி 6. வரைந்து முடித்ததும் பையன் ஓபராக் கட்டங்களை மறுபடி எண்ணினான். இந்தப் பாட்டு என்றாலே எல்லோருக்கும் ஞாபகம் வரும் அந்தப் பகுதி ஒரு நிமிடம் நாலு விநாடிதான். அதன் குரல்களை மேலே மேலே பதிவு செய்ய மூன்று வாரம் ஆனது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஸ்டெயர்வே 48 கட்டம். இதில் டிரம்ஸ் நுழையும் இடத்தை மட்டும் குறியுங்கள். சுமார் 4:18. அதாவது 26ஆவது கட்டம். பாட்டில் பாதிக்கு மேல் டிரம்ஸ் இல்லாமலே ஓடியிருக்கிறது! இத்தனை வருடம் கேட்டும் எனக்கு இது தெரியவில்லை. கட்டம் போட்டதால்தான் கண்ணில் பட்டது.

ரேடியோஹெட் பாட்டு சுமாராக 12, 10, 12, 5 என்று நாலு துண்டு. பீட்டில்ஸ் பாட்டு மொத்தமே 16 கட்டம், அதற்குள் நான்கு வேறு வேறு உலகம்.

படி 3: வேகமும் தாளமும்

பதினைந்து விநாடி தொடையில் தட்டி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ரேடியோஹெட் பாட்டின் முதல் பாகம் நிமிடத்துக்குச் சுமார் 82 தட்டு. இரண்டாம் பாகத்திலும் அதே 82. கோபம் ஏறிவிட்டது, வேகம் ஏறவில்லை. ஆனால் இடையிடையே எட்டாக எண்ணிக்கொண்டு போகும்போது ஏழில் கால் இடறும். மிச்ர சாபு தாளம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஏழு பெரிய விஷயமில்லை. இங்கே ஏழு நிலையாக இருப்பதில்லை, நாலுக்கு நடுவே திடீரென்று வந்துவிட்டுப் போகிறது, அதனால்தான் இடறுகிறது. மூன்றாம் பாகம் சுமார் 63க்கு இறங்கிவிடும். ஏறத்தாழ கால்வாசி வேகம் போய்விடுகிறது.

ராப்சடியின் ஹார்ட் ராக் பகுதியில் ஒவ்வொரு தட்டும் மூன்று மூன்றாகப் பிரிகிறது, நம் திச்ர நடை மாதிரி. அதுவரை இருந்த நடை வேறு. ராக் பகுதி வந்ததும் தலை தானாக ஆடுவதற்குச் சத்தம் மட்டும் காரணமில்லை.

ஸ்டெயர்வேயில் தட்டிப் பார்த்தால் எண்ணிக்கை எந்த ஒட்டிலும் குதிக்காது, ஆனால் தொடக்கத்தையும் முடிவுக்கு முன்னால் உள்ள பகுதியையும் வைத்துப் பார்த்தால் நன்றாகவே ஏறியிருக்கும். மெஷின் க்ளிக் வைத்து வாசித்ததில்லை. ஆட்கள் சேர்ந்து சூடேறியது காதில் விழுகிறது. ஸோலோவுக்கு முன்னால் ஒரு முழக்கம் வரும், அங்கே மட்டும் எட்டெட்டாக எண்ணினால் கணக்கு நிற்காது. விட்டுவிடுங்கள், நாங்களும் விட்டுவிட்டோம்.

படி 4: சுருதிப் பெட்டியை எடுங்கள்

இந்தப் படிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேற்கத்திய நொட்டேஷன் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். போனில் சுருதிப் பெட்டி ஆப் இருக்கும். பாகம் எங்கே வந்து நிம்மதியாக உட்காருகிறதோ அந்த ஸ்வரத்தை முனகிப் பிடித்து, எந்தக் கட்டையோடு (சுருதி எவ்வளவு உயரம் என்று சொல்லும் எண்) ஒட்டுகிறது என்று பாருங்கள். பழைய டேப் பதிவுகள் சில கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். அதற்காகப் பயந்துவிடாதீர்கள்.

ராப்சடி ஆறரைக் கட்டையில் தொடங்குகிறது. பியானோப் பாட்டிலேயே இரண்டரைக்கு நகர்ந்து, ஸோலோவும் இரண்டரையில் நடக்கிறது. சரி, அடுத்து? ஸோலோ சட்டென்று அறுந்து, பியானோ மட்டும் மெதுவாகக் குத்திக் குத்தி வரும் ஓபராத் தொடக்கம் ஆறு கட்டை. இரண்டரையை ஸ என்று வைத்தால் ஆறு எங்கே இருக்கிறது? பிரதி மத்யமத்தில். ஸவிலிருந்து மேலே எண்ணினாலும் கீழே எண்ணினாலும் ஒரே தூரம், அதற்கு மேல் விலகிப் போக ஸ்தாயியில் இடமில்லை. கேட்கிறவன் அந்த இடத்தில் 'இது என்ன புதுசா?' என்று நிமிர்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது ஓபரா முடியும் இடத்துக்கு வாருங்கள். குரல்கள் எல்லாம் ஏறி ஒரு உச்சியில் நிற்கும், கீழே இருக்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) ஆறரைக் கட்டை. அடுத்த விநாடி ஹார்ட் ராக், அது இரண்டரை. இரண்டரைக்கு ப எது? ஆறரை. அதாவது பஞ்சமத்தில் எல்லோரையும் தொங்கவிட்டு ஸவில் போட்டு உடைக்கிறார்கள். ஓபராவும் ஹார்ட் ராக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சத்தங்கள். ஆனால் சுருதிக் கணக்கில் அது ரொம்பப் பழைய, ரொம்ப நம்பகமான ஒட்டு. முதல் ஒட்டு அதிர்ச்சி, இரண்டாவது வீடு திரும்பல். பாட்டு கடைசியில் நிற்பதோ நாலு கட்டையில், தொடங்கிய இடத்திலும் இல்லை, ராக் பகுதி இருந்த இடத்திலும் இல்லை. (இதை எழுதிய ஃப்ரெடி மெர்க்குரி சிறுவயதில் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் படித்தவர். சுருதிப் பெட்டி கேட்டிருப்பாரா என்று பையன் கேட்டான். எனக்கென்ன தெரியும்.)

ஸ்டெயர்வேக்கு வந்தால் கதையே வேறு. ஆறு கட்டையை வைத்துவிட்டால் மாற்றவே வேண்டாம். எட்டு நிமிடமும் அங்கேயே. தொடக்கத்துக் கிடாரில் அடி ஸ்வரத்தை மட்டும் பின்தொடருங்கள்: ஆறு, ஐந்தரை, ஐந்து, நாலரை, நாலு. அரை அரைக் கட்டையாக இறங்குகிறது. இப்போது ஸோலோவிலும் அதற்குப் பிந்தைய சத்தமான பகுதியிலும் கார்டுகளின் அடியைக் கேளுங்கள்: ஆறு, ஐந்து, நாலு. அதே இறக்கம்தான், நடுவிலிருந்த அரைக் கட்டைப் படிகளை மட்டும் எடுத்துவிட்டார்கள். பாட்டின் பேர் ஏறும் படிக்கட்டு, இந்த இடங்களிலோ கீழே பேஸ் (அடி ஸ்வரம்) இறங்கிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று நாங்கள் வேறு வேலையே செய்யவில்லை.

படி 5: ஒட்டுகளுக்குத் தனிப் பக்கம்

ஒவ்வொரு ஒட்டுக்கும் நாலு கேள்வி எழுதுங்கள். வேகம் தொடர்கிறதா? கட்டை தொடர்கிறதா? ஏதாவது ஒரு வாத்தியம் நிற்காமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கடக்கிறதா? நடுவில் மௌனம் உண்டா?

ஸ்டெயர்வேயில் அநேகமாக எல்லா ஒட்டிலும் மூன்று 'தொடர்கிறது' விழும். தொடக்கத்தில் கிடாரோடு சேர்ந்து வரும் ரெக்கார்டர் குழல்களை அந்த பேண்டின் பேஸ் கிடார்காரர் ஜான் பால் ஜோன்ஸ் வாசித்திருக்கிறார். அவை எப்போது போயின என்று யாரும் கவனிப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் சேரும் அல்லது விலகும். முள்ளோடை வகை.

ராப்சடியில் கிடார் ஸோலோவைக் கவனியுங்கள். தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு அது கட்டியங்காரன் வேலை என்று உடனே தெரியும். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்த வேஷம் வருவதற்குள் நடுவில் வந்து, முதல் கதையோடும் பேசி, அடுத்ததற்கும் இடம் விட்டு விலகுகிறவன். ஸோலோ பாலட்டின் துக்கத்திலிருந்து எழுகிறது, முடியும்போது நம்மை ஓபராவின் வாசலில் விட்டுவிட்டுக் காணாமல் போகிறது. இந்த ஒட்டின் தன்மைக்கு மேடையே சாட்சி. குவீன் இதை மேடையில் வாசித்தபோது ஓபராப் பகுதியை டேப்பில் ஓடவிட்டு ஆட்கள் உள்ளே போய்விடுவார்கள், ராக் பகுதிக்குத் திரும்பி வருவார்கள். ஒட்டு அவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் அப்படிக் கழற்றி மாட்ட முடிந்தது. ஸ்டெயர்வேயில் அப்படி ஒரு நிமிடத்தைக் கழற்ற எந்த இடத்தில் கத்தி வைப்பீர்கள்?

ரேடியோஹெட்டின் மூன்று ஒட்டும் மூன்று விதம். முதலாவதில் வேகம் தொடர்கிறது. இரண்டாவதில் வேகமும் சத்தமும் ஒன்றாக விழுகின்றன. மூன்றாவதில் எச்சரிக்கையே இல்லை, குரல்கள் அடுக்கடுக்காக உருகிக்கொண்டிருக்கும்போது கிடார் கதவை உதைத்துக்கொண்டு வருகிறது. இதை எழுதும்போது பீட்டில்ஸின் அந்த 2:43 பாட்டு மனதில் இருந்தது என்று பேண்டே சொல்லியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பீட்டில்ஸ் ஒட்டுகளில் பசையே இல்லை, துண்டு துண்டாகப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவு சீக்கிரம் நடப்பதால் கேள்வி கேட்க நேரமில்லை.

ஒட்டு என்ற விஷயத்துக்காகவே ஐந்தாவதாக ஒரு பாட்டைச் சேர்த்தோம்: பீட்டில்ஸின் 'எ டே இன் தி லைஃப்' (1967). லெனன் எழுதிய பகுதிக்கும் மெக்கார்ட்னி எழுதிய பகுதிக்கும் நடுவே என்ன போடுவது என்று தெரியாமலேயே 24 பார் (தாளச் சுற்று) காலியாக விட்டுப் பதிவு செய்தார்கள். உதவியாளர் ஒருவர் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணினார், இருபத்துநாலு முடிந்ததைக் காட்ட அலாரம் கடிகாரம் அடித்தது. பிறகு 40 பேர் ஆர்கெஸ்ட்ராவை வைத்து, ஒவ்வொரு வாத்தியமும் தன் அடி ஸ்வரத்திலிருந்து உச்சிக்கு ஏறுவதாக அந்த இடைவெளியை நிரப்பினார்கள். அடுத்த பகுதி ஒருவன் தூங்கி எழுவதைப் பற்றியது என்பதால் அலாரத்தையும் அப்படியே விட்டுவிட்டார்கள். பாகங்களை விட ஒட்டு பிரபலமாகிவிட்ட பாட்டு என்று இதைத்தான் சொல்வேன்.

படி 6: திரும்பி வருவது எது?

நம் கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வரும். ராகமாலிகையில் ராகம் மாறிக்கொண்டே போனாலும் சிட்டஸ்வரம் பிடித்து முதல் ராகத்துக்குக் கொண்டுவந்து பல்லவியில் சேர்ப்பார்கள். எவ்வளவு தூரம் போனாலும் வீட்டு வாசல் தெரியும். இந்தப் பழக்கத்தோடு ராக் கேட்கப் போனால் இவற்றில் பல்லவி எங்கே என்று தேடுவோம். பெரும்பாலும் கிடைக்காது.

அதனால் பாகங்களுக்கு அ, ஆ, இ என்று எழுத்து கொடுத்து எது மறுபடி வருகிறது என்று பாருங்கள். ரேடியோஹெட் அ ஆ இ ஆ. இரண்டாவது திரும்பிவிட்டது, முதலாவது திரும்பவே இல்லை. பீட்டில்ஸின் சின்னப் பாட்டு அ ஆ இ ஈ, எதுவும் திரும்பாது. ராப்சடியில் எந்தப் பாகமும் முழுசாகத் திரும்புவதில்லை, ஆனால் தொடக்கப் பகுதி முடியும் அதே வரி பாட்டின் கடைசி வரியாக வருகிறது. மெட்டு திரும்பாமல் சொல் மட்டும் திரும்புகிறது. ஸ்டெயர்வேயிலும் கடைசியில் வாத்தியமெல்லாம் விலகி, குரல் தனியாக அந்தத் தலைப்பு வரியைப் பாடி முடிக்கிறது. எழுத்து போட்டால் இந்த இரண்டு பாட்டும் தூரத்துச் சொந்தம் மாதிரித் தெரியும், ஒட்டுப் பக்கத்தைப் புரட்டினால் எதிரெதிர். அதனால்தான் இரண்டு பக்கமும் வேண்டும் என்கிறேன்.

படி 7: சொந்தப் பாட்டுக்குத் திரும்புங்கள்

பாட்டு எழுதாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

பையனின் பாட்டை அதே நோட்டில் போட்டோம். முதல் பாகம் ஐந்து கட்டை. அவன் கடைசியில் நேராக ஐந்தாம் கட்டைக் கார்டில் வந்து உட்கார்ந்து, ஸிம்பலைத் தட்டி, பிறகு இரண்டு விநாடி மௌனம் வைத்திருந்தான். நாலு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: எல்லாம் நின்றுவிட்டது. கைதட்டியவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த பாகம் இரண்டு கட்டை. அதன் பஞ்சமம் ஆறு. அதனால் முதல் பாகத்தை ஸவில் முடிக்காமல் ஆறு கட்டைக் கார்டில் தொங்கவிட்டு, பெடல் மாற்றும் நேரத்தில் பேஸ் வாசிக்கும் பையன் அந்த ஆறை விடாமல் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. அடுத்த ஒட்டில் வேகம் 80இலிருந்து 120க்குப் போக வேண்டும். டிரம்மர் கடைசி இரண்டு பாரில் ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரித்து வாசித்தால் நிமிடத்துக்கு 240 சின்னத் தட்டு வரும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 120. யாரும் குதிக்க வேண்டாம், எண்ணிக்கை தானாகவே அடுத்த பாகத்தில் போய் நிற்கும். இதை நான் சொன்னபோது அந்த டிரம்மர், "அங்கிள், நீங்க மிருதங்கமா?" என்று கேட்டார். இல்லப்பா, பஸ்ஸில் தொடையில் தட்டிப் பழகினது.

இந்த வருடம் மறுபடி வாசித்தார்கள். முதல் ஒட்டில் ஒருவரும் கைதட்டவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பாட்டு முடிந்தது. அப்போதும் யாரும் கைதட்டவில்லை, இன்னொரு பாகம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது முடிவுகளுக்கென்று தனி நோட்டு வாங்கியிருக்கிறான்.